ஊழும் உடலும்

நோய் என்பது முன்வினையின் பயன் என்று நம்புகிறவன், நோய் வாராமல் தன் உடலைக் காத்துக்கொள்ளும் கடமையும் தனக்கு உண்டு என்று எவ்வாறு நம்பக் கூடும் என்னும் கேள்வி, மடங்களிலும் வித்துவான்கள் கூடும் சபைகளிலும் மட்டும் எழுந்து அடங்குகிற தத்துவ விசாரம் அன்று. நம் வீட்டுத் திண்ணைகளிலும் சந்தைகளிலும் அது தினந்தோறும் எழுகிறது; அங்கே அதற்குச் சொல்லிக்கொள்ளும் விடைக்கு ஏற்பவே பலருடைய பிற்காலம் அமைகிறது.

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில், திருச்செங்கோட்டு வேளாண் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளையில் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, விலை படியும்வரை காத்திருக்கும் விவசாயிகளின் பேச்சு, மழையையும் பூச்சி மருந்தையும் கடந்து உடம்பைப் பற்றியதாகத் திரும்ப வெகுநேரம் ஆவதில்லை. "சக்கரை எவ்வளவு இருக்குதுங்க?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, "எங்கய்யனுக்கும் இருந்துதுங்க, தலையில எழுதுனதை நாம என்னங்க பண்ண முடியும்?" என்பார். சொல்லிக்கொண்டே, இனிப்புத் தூக்கலான தேநீரையும், எண்ணெய் ஒழுகும் போண்டாவையும் கையில் வாங்கிக்கொள்வார்.

அவரை இகழ்ந்து பேசுவது எளிது. ஆனால் நியாயம் ஆகாது. தாய்தந்தையர்க்கு நீரிழிவு இருந்தால் மக்களுக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதி என்பதை வைத்திய சாஸ்திரமே ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பியர்களைக் காட்டிலும் குறைந்த வயதில், குறைந்த பருமனிலேயே, இந்தியர்களை இந்நோய் பற்றுகிறது என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த பேராய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அன்றியும், இப்பக்கத்து ஊர்களில் விசைத்தறிக்கு முன்னால் இரவெல்லாம் நிற்கிறவனும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டியோடு திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு வடநாட்டு மாகாணங்களில் மாதக்கணக்காக வண்டியடியிலேயே உண்டு உறங்குகிறவனும், தாம் உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் தாமே விரும்பித் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர். கம்பங்களியும் ராகிக் களியும் உண்டு, காட்டில் பொழுதெல்லாம் உழைத்த பாட்டனுடைய பேரன், மூன்று வேளையும் அரிசியையே உண்டு உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும்படி காலம் மாறிப்போனதற்கு அவன் ஒருவனே காரணமும் அல்லன். ஆகையால் ஏலக் களத்துப் பெரியவர் சொன்னதில் பாதி மெய் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றியே என் கவலை. ஏனெனில் அந்தப் பாதியை அவர் சமயத்தின் பெயரால் கைவிடுகிறார், சமயமோ அதற்குச் சிறிதும் இடம் கொடுக்கவில்லை.

சமயம் இடம் கொடுக்கவில்லை என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. மல்லசமுத்திரத்தார் நினைத்த நேரத்தில் சென்று வழிபடும் திருச்செங்கோட்டு மலையிலேயே அது கிடக்கிறது. தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் என்று வழங்கும் அத்தலத்திற்குக் கிறிஸ்துவுக்குப் பின் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் எழுந்தருளி அடியார் கூட்டத்தோடு தங்கியிருந்தபோது, பனிக்காலம் வந்து, அந்நாட்டில் வழக்கமாகப் பரவும் குளிர்காய்ச்சல் அடியார்களையும் பற்றிக்கொண்டது என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லுகிறார். அடியார்கள் வந்து முறையிட்டபோது, இது இந்த மண்ணுக்கு இயல்பானது என்பதைச் சம்பந்தர் மறுக்கவில்லை. மண்ணுக்கு இயல்பாயினும் நம்மை அது அண்டலாகாது என்ற துணிவோடு, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு ஒரு பதிகம் பாடினார். அடியார்களுக்கு மட்டுமின்றி அந்நாட்டார்க்கும் அந்நோய் நீங்கிற்று என்பது புராண மரபு. இன்றும் காய்ச்சல் கண்ட வீடுகளில் சைவர்கள் அப்பதிகத்தை ஓதுகிறார்கள்.

அதிசயத்தை நம்புகிறவர் நம்பட்டும், ஐயுறுகிறவர் ஐயுறட்டும். அப்பதிகத்தின் முதற்பாட்டில் அடங்கியிருக்கும் வாதமே என்னைக் கவர்வது. இந்தத் துன்பம் அந்த வினையால் வந்தது என்று வாய்க்கு வாய் சொல்லுகிறீர்களே, அவ்வளவு தெரிந்த நீங்கள், அதிலிருந்து உய்யும் வழியை நாடாமல் சும்மா இருப்பது உங்கள் குறை அல்லவா என்று, வினைக் கொள்கையை எடுத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தே அங்கே சம்பந்தர் கேட்கிறார். கைகளால் செய்யத்தக்க தொண்டைச் செய்து இறைவனைப் போற்றுவோம் என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார். ஆக, கர்மத்தை அறிந்தவன் ஓய்ந்து உட்கார உரிமை பெற்றவன் என்பது நம் ஊர்ப் பேச்சு. கர்மத்தை அறிந்தவனுக்கே முயலும் கடமை முதலில் உண்டு என்பது சம்பந்தர் வாக்கு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேர்விரோதம். நேற்றைய செயல் இன்றைக்குப் பயன் தரும் என்று மெய்யாகவே நம்புகிறவன், இன்றைய செயல் நாளைக்குப் பயன் தராது என்று எப்படி நம்புவான்? காரணமும் காரியமும் இணைபிரியாதவை என்ற கொள்கையின் முற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பிற்பகுதியைத் தள்ளிவிட்டால் எஞ்சுவது கர்ம சித்தாந்தம் அன்று, வெறும் சோம்பல்.

(மலைமேல் வாகனம் செல்லச் சாலை இருக்கிறது. முதியவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் அது பேருபகாரம். ஆனால் முழங்காலில் குறையில்லாத முப்பது வயது இளைஞர்கள் படிவழியை விட்டு வண்டியில் ஏறி, அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் ஆரோக்கியம் வேண்டிக் கும்பிட்டுவிட்டு, வண்டியிலேயே இறங்கிப் போவதைக் காணும்போது, அப்படிகள்மேல் எனக்கு இரக்கம் உண்டாகிறது.)

இதே கேள்வியை ஆயுர்வேதத்தின் ஆதி நூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதையில், அக்கினிவேசன் தன் ஆசிரியர் ஆத்திரேயரிடம் கேட்கிறான்: ஆயுள் முன்பே நிர்ணயிக்கப்பட்டதா, இல்லையா? ஆத்திரேயர் கூறும் மறுமொழியில் பூசி மெழுகுதல் கிடையாது. எல்லார்க்கும் ஆயுள் நிர்ணயமாகிவிட்டது என்றால் மருந்தும் மந்திரமும் எதற்கு, மதங்கொண்டு ஓடிவரும் யானைக்கு யாரேனும் விலகி நிற்பதுதான் எதற்கு என்று கேட்கிறார். முற்பிறவியில் செய்ததைத் தெய்வம் என்றும், இப்பிறவியில் செய்வதைப் புருஷகாரம் என்றும் வகுத்து, வலிய புருஷகாரம் மெலிந்த தெய்வத்தை வெல்லும், வலிய தெய்வம் மெலிந்த புருஷகாரத்தை வெல்லும் என்கிறார். நல்ல மரத்தால் செய்த வண்டி அச்சு, ஏற்ற பாரத்தை ஏற்றி ஒழுங்கான வழியில் ஓட்டினால் தன் காலம் முடிந்து தேய்ந்தே ஓயும்; அதே அச்சு மிகுபாரத்தாலும் மேடுபள்ளத்தாலும் எண்ணெய் காணாமையாலும் நடுவழியில் முறியும் என்று அவர் காட்டும் உவமை, மரவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் பாரவண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போன தலைமுறைக்கு உரை வேண்டாமலே விளங்கியிருக்கும். அச்சின் மரம் நம் கையில் இல்லை; பாரமும் எண்ணெயும் நம் கையில் இருக்கின்றன.

பகவத்கீதையும் இவ்வாறே, எந்தச் செயலும் கைகூடுவதற்கு ஐந்து காரணங்களை எண்ணுகிறது: இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வத்தின் பங்கை மறுக்காமல், அதைக் கடைசியாக வைத்தார்கள்; நாம் அதை முதலில் வைத்து மற்ற நான்கையும் அதற்குள் புதைத்துவிட்டோம்.

இந்தப் பங்கீட்டை எண்ணிக்கையாலும் காணும் வாய்ப்பு நம் காலத்தில் கிடைத்தது. டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீரிழிவு இன்னும் வராமல் அதன் வாசலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். பொதுவான அறிவுரைக்கு மேல் ஒன்றும் பெறாத தொகுதியில், மூன்று ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. அன்றாடம் அரைமணி நேரமாவது விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கவும் ஓயாமல் ஊக்குவிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. இவ்விரண்டு எண்களையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 55 என்பது 39 ஆனது புருஷகாரத்தின் வெற்றி. அந்த 39 பேரோ முயன்றும் நோயுற்றவர்கள். முயற்சியால் ஒன்றும் ஆகாது என்கிறவனையும், முயன்றால் எல்லாம் ஆகும் என்கிறவனையும் ஒரே ஆராய்ச்சி ஒருங்கே மறுத்துவிடுகிறது.

இரண்டாமவனைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் அவன் இக்காலத்தில் பெருகி வருகிறான். உடலைப் பேணுவது அவரவர் பொறுப்பு என்ற நல்ல வார்த்தையை எடுத்துக்கொண்டு, நோயுற்ற ஒவ்வொருவரையும் அவன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறான். பொறுப்பு என்பது இனிச் செய்ய வேண்டியதைக் குறித்து ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. அதையே நடந்து முடிந்ததைக் குறித்துப் பிறன்மேல் எறிந்தால், அது பழியாகிவிடுகிறது. புற்றுநோய் கண்ட ஒரு தாயைப் பார்த்து, எந்தப் பாவம் செய்தாளோ என்று முணுமுணுத்த பழைய கொடுமைக்கும், என்ன தின்றாளோ என்று முணுமுணுக்கும் புதிய கொடுமைக்கும் மனத்தளவில் வேறுபாடு இல்லை.

பழியற்ற பொறுப்பு எப்படியிருக்கும் என்பதை எனக்குக் காட்டியவர், இப்பகுதியைச் சேர்ந்த ஒரு முதிய நெசவாளர். நெடுநாளைய நீரிழிவால் அவர் பாதங்களில் உணர்ச்சி மங்கிவிட்டது. முள் தைத்தாலும் தெரியாது. இரவு படுக்கப் போகுமுன் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துணியால் ஒற்றி, சவரக் கண்ணாடியை விளக்கருகில் தரையில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பாதத்தின் அடிப்புறத்தையும் அதில் பார்ப்பார். குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா, கொப்புளம் எழும்பியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்து முடித்த பிறகே திருநீறு அணிந்து படுப்பார். நோய் ஏன் தனக்கு வந்தது என்று அவர் விசாரித்து நான் கேட்டதில்லை. திருமூலர் முதலில் இழிவென்று எண்ணிய உடம்பினுள்ளேயே இறைவன் உறையக் கண்டு, அதன் பிறகு அதைப் பேணலானார் என்று திருமந்திரத்திலிருந்து அறிகிறோம். அந்த நெசவாளர் திருமந்திரம் படித்தவரா என்று எனக்குத் தெரியாது, படித்தவர் பலரைவிட அதை நன்றாக அனுஷ்டித்தார்.

தனிமனிதனுடைய பொறுப்பைச் சொல்லும்போது அரசின் பொறுப்பு மறைந்துபோகலாகாது. சரகர் ஆயுளைப் பற்றிப் பேசும் அதே அத்தியாயம், நாடுகளைப் பாழாக்கும் கொள்ளைநோய்களைப் பற்றித்தான் தொடங்குகிறது. காற்றும் நீரும் நிலமும் காலமும் கெடுவதற்கு மூலம் அதர்மம் என்றும், அது ஆள்வோரிடத்தில் தொடங்கிப் பரவுகிறது என்றும் சொல்லுகிறது. இவ்விரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்த ஞானத்தை இப்பகுதியின் சரித்திரம் உறுதிப்படுத்துகிறது. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, கள்ளுக்கடையால் சீரழிந்த குடும்பங்களைக் கண்கூடாகக் கண்டார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையைக் கல்கியின் துணையோடு அங்கிருந்து நடத்தினார். சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும், 1937 அக்டோபர் 1-ஆம் நாள், அந்நாளில் மல்லசமுத்திரமும் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கை முதன்முதல் அமல் செய்தார். சாராய வருமானத்தை இழந்த பொக்கிஷத்துக்கு ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. சில குடும்பங்களிலாவது கூலி முழுதாக வீடு வந்து சேர்ந்த காலம் அது.

ஆனால் போர்க்காலக் கவர்னர் ஆட்சியில் அந்தச் சட்டம் நின்றது, 1948-இல் மாகாணம் முழுமைக்கும் வந்தது, 1971-இல் தளர்ந்தது, சில ஆண்டுகளில் மீண்டது, மறுபடி நீங்கியது, 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கடையைத் திறந்து வைத்திருப்பவர்களின் பொறுப்பை நான் ஒரு தூசி அளவும் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரும் பொறுப்பு, அதற்கு விடை சொல்லியே தீர வேண்டும். ஆயினும் சட்டம் இத்தனை முறை மாறிய காலத்தில், குடிப்பவனுடைய ஈரல் ஒரு முறையும் மாறவில்லை. அரசின் கடமையை வற்புறுத்திக்கொண்டே, அரசு திருந்தும்வரை தன் உடலைத் திருத்தாமல் வைத்திருக்க எவனுக்கும் நியாயம் இல்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், வாதம் முதலிய மூன்றைச் சொல்லித் தொடங்கி, அடுத்த ஆறு குறள்களில் உணவின் அளவையே பேசி, கடைசி மூன்றில்தான் மருத்துவனிடம் வருகிறது. முடிவுக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளாக நால்வகையை எண்ணும்போது, மருத்துவனையும் மருந்தையும் அருகிருந்து பேணுகிறவனையும் பின்னே நிறுத்தி, நோயாளியை முதலில் வைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை இப்போது வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. பின் நிற்கும் மூன்றும் இவ்வாறு வீடு தேடி வந்துவிட்டன. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிற ஒருவர் இருக்கும் வீட்டில், வந்த ஊழியப் பெண் போன மாதத்து அட்டை பிரிக்கப்படாமல் இருப்பதைக் கண்டு, சற்று உட்கார்ந்து காரணம் கேட்கலாம், இரத்தக் கொதிப்பு வலியில்லாமலே உள்ளுறுப்புகளைக் கெடுக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். அவருக்காக அவள் அதை விழுங்க முடியாது.