எண்ணப்படும் சைக்கிள்கள்

ஹவாயின் கோனாவில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் உலகப் போட்டிக்கு முந்தைய நாள் ஒரு விசித்திரமான கணக்கெடுப்பு நடக்கும். வீரர்கள் சைக்கிளை ஒப்படைக்கக் கடலோரத் துறைக்கு வரும்போது, எந்த பிராண்ட் எத்தனை என்று சைக்கிள் தொழிலில் இருப்பவர்கள் நின்று எண்ணுவார்கள். 2005 முதல் பல ஆண்டுகள் அதில் முதலிடம் கனடாவில் பிறந்த செர்வெலோவுக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், 2015 முதல் 2019 வரை ஆண்கள் பட்டங்களை வென்ற யான் ஃப்ரோடெனோவும் பேட்ரிக் லாங்கேயும் ஓட்டியது ஜெர்மனியின் கேன்யன். ஜெயித்த வண்டி ஒன்று. கூட்டம் வாங்கிய வண்டி வேறு!

செர்வெலோவுக்குப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1995-ல் இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய அந்த நிறுவனம், காற்றைக் கிழிக்கும் சட்டகத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. ஆனாலும் சைக்கிள் ஓட்டும் 180 கிலோமீட்டர் தூரமும் காற்றோடு அதிகம் மோதுவது சட்டகமல்ல, அதன்மேல் குனிந்திருப்பவரின் உடல். எனவே பிராண்டைவிட உட்காரும் விதத்துக்கே எடை அதிகம். 1980-களின் இறுதியில் டான் எம்ஃபீல்டின் கின்டானா ரூ நிறுவனம் சீட்டைத் தாங்கும் குழாயை நிமிர்த்தி, ஓட்டுபவரை முன்னே தள்ளி உட்காரவைத்தது. இடுப்பு நெருக்குண்டு மடங்காமல் இருந்தால், இறங்கியபின் 42 கிலோமீட்டர் ஓடக் கால்களில் தெம்பு மிஞ்சும்.

கேன்யன் கடைகளைத் தவிர்த்து, வாங்குபவருக்கு நேரடியாக விற்கிறது. இடைத்தரகுச் செலவு மிச்சம்தான். ஆனால் அவ்வளவு முக்கியமான உட்காரும் விதத்தைப் பக்கத்துக் கடையில் ஏறிப் பார்த்து வாங்க முடியாது.