காட்டுவதும் உடன் காண்பதும்

(வடகரையில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஓர் ஆடி மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பந்தலுக்கு வெளியே குடை பிடித்து நிற்கிற தம்பிமார்களே, உள்ளே வாங்க. குற்றாலச் சாரலில் நனைந்தால் ஒன்றும் செய்யாது என்று வெளியூர்க்காரர்களிடம் அடித்துச் சொல்வோம். நம்ம வீட்டுப் பிள்ளை நனைந்துவிட்டால் மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவோம்!

நான் மேடைக்கு வந்தது பிற்பாடு. அதற்கு முன்னால் முப்பது வருஷம் போட்டோக்காரன். இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் இந்தக் கையால் ஒட்டியது. வளைகுடாவுக்குப் புறப்பட்ட வடகரைப் பையன்கள் எத்தனையோ பேருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்திருக்கிறேன். எட்டு காப்பி போடுவோம். ஆறு காப்பி காகிதங்களோடு போய்விடும், மிச்சம் இரண்டும் அம்மாவின் சுருக்குப்பைக்குள் போய்விடும். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, அதற்கு நடுவில் மகன். ஒரு பாய் வீட்டு அம்மா, படத்தின் ஓரம் தேய்ந்து வெளுத்த பிறகு கொண்டுவந்து, "இதே மாதிரி இன்னொண்ணு போட்டுத் தா" என்று நின்றார்கள். புதுப் படம் எடுத்துக்கலாமே என்றேன். "புதுசுல அவன் என்னைப் பாக்கலியே" என்றார்கள். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. அந்தப் பழைய படம் எடுத்தபோது அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். பையன் கேமராவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்திருக்கிறான்.

இந்தப் பார்க்கிற விஷயத்துக்கு வருவோம். நம் சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதில் பதினோராவது சூத்திரம் கண்ணைப் பற்றிப் பேசுகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் கண்ணோடு கூடி நின்று காட்ட வேண்டும், அது மட்டும் போதாது, கூடவே தானும் காண வேண்டும். வாசலில் அருமை மகன் வந்து நிற்கிறான், நம் மனசு வேறெங்கோ இருக்கிறது, கண் திறந்துதான் இருக்கிறது, பார்த்தோமா? இல்லை. கண்ணுக்கு உயிர் எப்படியோ, அப்படியே உயிருக்கு இறைவன் என்கிறார் மெய்கண்டார். அவன் நமக்குக் காட்டுகிறான், நம்மோடு சேர்ந்து தானும் காண்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரையாசிரியர்கள் இதை இரண்டாகச் சொல்வார்கள்.

காட்டுவது எளிது ஐயா. இப்போது எல்லார் பையிலும் கேமரா கிடக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதோ இல்லையோ, அரை நிமிஷத்தில் அது அபுதாபிக்குப் போய்விடுகிறது. காட்டிவிட்டோம். உடன் கண்டோமா? உபகாரத்தில் பாதியைத்தான் செய்துவிட்டு, முழுசும் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

மற்றப் பாதியையும் செய்தவர் ஒருவர் உண்டு, செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ.கே. செட்டியார். நம் தொழில்காரர், அதனால் அவர் பெயரைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய்ப் படம் பிடிக்கப் படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகிற கப்பலில் இருக்கும்போது, காந்தியைப் பற்றி ஒரு முழுப்படம் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று ஒரு லட்சம் மைல் அளவுக்கு அலைந்தார். எதற்கு? தான் எடுப்பதற்காக மட்டும் இல்லை. யார் யாரோ, எங்கெங்கேயோ எடுத்துவைத்த காந்தியின் துண்டுப் படங்களைத் தேடிச் சேர்ப்பதற்கு. 1940-ல் படம் வெளிவந்தது. அத்தனை பேர் தனித்தனியாகக் கண்டதை ஊரே கூடி உட்கார்ந்து காணும்படி செய்துவிட்டார். பயணத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர், தன்னைப் பற்றி எழுதியது கொஞ்சம். படம் எடுக்கிறவன் படத்தில் இருக்கமாட்டான் இல்லையா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதோ குற்றாலம். ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்கு ராஜாஜி வருவார், கல்கி வருவார். என்ன விசேஷம் என்றால் ஒன்றும் இல்லை. சாரல் விழுகிறது, வாருங்கள், அவ்வளவுதான். கம்பன் பாட்டில் ஓர் அடியைச் சொல்லுவார், மறுபடி சொல்லுவார், இன்னொரு தடவை சொல்லுவார். கேட்கிறவர் முகத்தில் அந்த அடி வந்து இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் இவருக்கும் அப்போதுதான் புதிதாகத் தெரிகிற மாதிரி ஒரு சந்தோஷம். அவர் 1954-ல் மறைந்தார். அந்த மாதிரிக் கூட்டங்களை யாரும் டேப்பில் பிடித்துவைக்கவில்லையே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஏன் என்று ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அக்கா பம்பாயில், அண்ணன் மஸ்கட்டில், மற்றவர்கள் மூலைக்கு ஒருவர். ஆடியில் எல்லோரும் வந்து சேர்வது வழக்கம். 1994 என்று நினைவு, எல்லோருமாகப் பழைய குற்றாலம் போனோம். தூக்குவாளியில் புளியோதரை, வாழை இலையில் பொதிந்த துவையல். எங்கள் அத்தான் அருவியில் போய் நின்றார். நின்றவர் வேட்டியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார், நிமிர்ந்த நடையோடு, ஜமீன்தார் மாதிரி. நான் சும்மா இருப்பேனா? அடுக்கடுக்காக எடுத்துத் தள்ளினேன். முப்பத்தாறு படம்.

வீட்டுக்கு வந்து கேமராவைத் திறந்தால் பிலிமின் நாக்கு சுருளில் மாட்டவே இல்லை. எண் மட்டும் ஓடியிருக்கிறது, பிலிம் ஓடவில்லை. இந்தத் தொழிலில் சின்னப்பயலுக்கும் தெரியும், ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் இடது பக்கத்துக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தான் வந்த நடையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நான் அதைப் பார்க்கவில்லை. ஊரார் கல்யாணத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பு!

இன்றைக்கு எங்கள் வீட்டில் ஆல்பம் இருபதுக்கு மேல் இருக்கிறது. யாரும் எடுத்துப் புரட்டுவதில்லை. ஆனால் வருஷா வருஷம் அந்தத் துண்டுக் கதை வந்துவிடும். துண்டு சிவப்பு என்பாள் அக்கா. பச்சை என்பான் அண்ணன். "ரெண்டும் இல்ல, காசித்துண்டு" என்பார் அத்தான், கட்டினவர் ஆயிற்றே. அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகள்கூடக் கட்சி சேர்ந்து சண்டை போடுகின்றன. படம் விழுந்திருந்தால் நிறம் தெரிந்திருக்கும், கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்ல வந்தேனா? அப்படிச் சொன்னால் சித்திரசபைக்கு நான் என்ன பதில் சொல்வது? நடராசர் ஆடும் சபைகள் ஐந்து. சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை. ஐந்தாவது நம் குற்றாலத்துச் சித்திரசபை. அங்கே நடராசப் பெருமான் சுவரில் ஓவியமாகவே நின்று திரிபுர தாண்டவம் ஆடுகிறார். மார்கழித் திருவாதிரையில் அந்தச் சித்திரத்துக்குத்தான் தீபாராதனை. படத்தையே மூர்த்தியாக வைத்துக் கும்பிடுகிற ஊர்க்காரனுக்குப் படம் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

படம் வேண்டும்தான், ஆனால் படம் மட்டும் போதாது. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 1446-ல் கோயிலைத் தொடங்கினான். இதைக் காத்துப் பேணப்போகிறவர்கள் எவரோ, அவர்கள் பாதத்தில் விழுகிறேன் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. ராஜா, இன்னும் பிறக்காத ஆட்களுக்குக் கும்பிடு போடுகிறான்! சின்ன வயதில் நான் எடுத்த படம் ஒன்றில் அந்தக் கோயில் கோபுரம் மொட்டையாக நிற்கிறது. 1990-ல் ஒன்பது நிலையும் எழும்பிக் குடமுழுக்கு ஆனபோது கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு இன்னொன்று எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் நீட்டினேன். "இது கோபுரம். நாங்க எங்கல?" என்றாள். அவளை அன்றைக்குக் கூட்டிப் போகவில்லை. காட்டும் உபகாரம் மட்டும் செய்தவன் நான்.

அந்தக் கடன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீர்ந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம், "சித்திரசபைக்குக் கூட்டிட்டுப் போல" என்றாள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். உள்ளே வெளிச்சம் குறைவு, அவளுக்குச் சுவரே மங்கலாகத்தான் இருந்திருக்கும். தூணைப் பிடித்துக்கொண்டு, "என்னல இருக்கு, சொல்லு" என்றாள்.

சொன்னேன். நடுவில் பெருமான். இந்தப் பக்கம் துர்க்கை, அங்கே பைரவர், மேலே திருவிளையாடல். முப்பது வருஷம் படம் எடுத்தவன் இல்லையா, வண்ணம், கோடு, பூச்சு உதிர்ந்த இடம் என்று நீட்டி முழக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பள்ளிகொண்ட பெருமாளை விட்டுட்டியே."

அங்கே இல்லையே என்றேன். கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி, "கொஞ்சம் திரும்புங்க" என்று நான் எத்தனை பேருடைய மோவாயைப் பிடித்துத் திருப்பியிருப்பேன்! கண் தெரியாத என் அம்மா கையை நீட்டி, தடவித் தடவி என் மோவாயைக் கண்டுபிடித்து, மெள்ள அந்தப் பக்கமாகத் திருப்பினாள். இருந்தார், பத்மநாபர், பாம்பணையில்.

"தெரியுதா?" என்றாள்.