ஒரு கை பிடியுங்கள்

நல்ல குடும்பத்தில் பிறந்த பிள்ளை சகவாச தோஷத்தால் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறோம். சொற்களுக்கும் அந்தக் கதி நேர்வதுண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்து நம் பேச்சில் குடியேறிவிட்ட 'கோ-ஆபரேஷன்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு அப்படி ஒரு கவலை. அந்தக் கவலை பிறந்த இடம் மரக்காணத்து உப்பளம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு சித்திரை மாதம், கதைக்கு விஷயம் தேடிக் குறிப்புப் புத்தகமும் குடையுமாக அங்கே போய் இறங்கினேன். வயதான ஓர் அம்மாள் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாலு கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் கோ-ஆபரேட் பண்ணுங்கள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், கை நிற்கவில்லை.

கடல் நீரில் நூற்றுக்கு 3.5 பங்குதான் உப்பு. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, நாள்கணக்கில் வெயிலில் சுண்டவிட்டால்தான் உப்புப் பூக்கும். அத்தனை உழைப்பையும் கரைக்க ஒரு கோடை மழை போதும். அன்று அந்த மழை வந்தது. காலையில் வாய்க்கால் தண்ணீருக்காக வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு கரைக்காரர்களும் ஒரே குவியலை மூட ஓடினார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா ஐயா, சும்மா நிக்கிறீங்க? இந்த ஓலைய ஒரு கை புடிங்க!" என்று அந்த அம்மாள் குரல் கொடுத்தாள்.

பிடித்தேன். கால் மணி நேரத்தில் மழை விட்டது. குவியல் தப்பியது; பாத்தியில் இருந்தது கரைந்துபோயிற்று. "இப்போ கேளுங்க" என்றாள். கேட்க என்னிடம் கேள்வி இல்லை.

காலையில் நான் அவளிடம் கேட்டது என்ன? தன் வேலையை நிறுத்திவிட்டு என் வேலைக்கு இடங்கொடு என்பதுதானே? லத்தீனில் 'சேர்ந்து', 'வேலை செய்தல்' என்ற இரண்டும் கூடிப் பிறந்த சொல் அது. இன்று பல் பிடுங்கும் வைத்தியர் சொன்னால் அதற்கு 'அசையாதே' என்று பொருள். போக்குவரத்தை மறிப்பவர் சொன்னால் 'வாயைத் திறக்காதே' என்று பொருள். கணக்கில் பிழை இருப்பதை எடுத்துக்காட்டிய குமாஸ்தாவிடம், "நீர் கோ-ஆபரேட் பண்ணுவதில்லை" என்று ஓர் அதிகாரி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கீழ்ப்படி என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு நல்ல மூடுதிரையாகிவிட்டது அந்தச் சொல்.

அதன் உறவுக்காரர்களைப் பாருங்கள். 'ஹெல்ப்' என்றால் கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே. 'அஸிஸ்ட்' என்றால் ஒருவர் ஒரு படி தாழ்ந்து நிற்க வேண்டும். 'கொலாபரேஷன்' என்பதற்கும் சேர்ந்து உழைத்தல் என்றே வேர்ப்பொருள். ஆனால் 1940 அக்டோபரில் பிரான்சின் பெத்தேன் ஹிட்லரைச் சந்தித்து, அந்தப் பாதையில் போவதாக நாட்டுக்கு அறிவித்தார். அதன்பின் அந்தச் சொல்லின் மேல் துரோகம் என்ற கறையும் படிந்துவிட்டது. கலையிலும் விஞ்ஞானத்திலும் அது இன்னும் நல்ல சொல்தான். ஆனால் சேர்ந்து உழைப்பது மட்டும் போதாது, எதற்காக என்பதும் முக்கியம் என்று அந்தக் கறை நினைவூட்டுகிறது.

தமிழில் 'கூட்டுறவு' என்கிறோம். அதில் உறவு இருக்கிறது. 1904-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையில் சாமான் வாங்குகிற அங்கத்தினரே முதலாளியும் ஆனார். 'ஒத்துழைப்பு' என்கிறோம், அதில் உழைப்பு இருக்கிறது. கேட்பவனும் உழைக்க வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே எழுதியிருக்கிறது.

இதே கடற்கரையின் தென்கோடியில் இந்தச் சொல் ஒருமுறை சோதிக்கப்பட்டது. 1920-ல் காந்தியடிகள் ஒத்துழையாமையைத் தொடங்கியிருந்தார். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். அவர் கேட்டதும் ஒருவகை 'ஒத்துழைப்பு'தான்: சும்மா இருங்கள், போதும். ஊரார் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதிகாரத்துக்கு ஒத்துழையாமை, நடப்பவர்களுக்கு ஒத்துழைப்பு. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டினார்கள்.

ஆகையால், யாராவது என்னிடம் ஒத்துழைப்புக் கேட்டால் இப்போது மனத்துக்குள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாரத்தில் இவர் தோளும் இருக்கிறதா? எதற்காக என்று இவரிடம் நான் கேட்கலாமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அவர் கேட்பதற்கு வேறு பெயர் உண்டு.

நான் கேட்கும்போதும் அதே இரண்டு கேள்விகள்தாம். அங்கேதான் சங்கடம். அன்று மாலை நான் பஸ் ஏறிவிட்டேன். கரைந்த பாத்தியில் அந்த அம்மாள் மறுபடி உவர்நீர் பாய்ச்சி, வெயிலுக்காகக் காத்திருந்திருப்பாள். நான் பிடித்தது ஓர் ஓலையின் நுனியை, கால் மணி நேரம். அதை ஒத்துழைப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் நா எழவில்லை.