அபயமும் ஒரு பொட்டலக் கடலையும்

மும்பை மாநகரின் வடபகுதியில், போரிவ்லி ரயில் நிலையத்திற்குக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் ஒரு மலைக்காட்டின் வாயிலை அடையலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அதன் இன்றைய பெயர். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பு. சுற்றிலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள். உள்ளே குன்றுகள், மூங்கில், தேக்கு, புள்ளிமான், சிறுத்தை. நகருக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகளும் அக்குன்றுகளுக்கு இடையேதான் உள்ளன. விடியற்காலையில் நடப்பவர்கள், மிதிவண்டியில் மேடு ஏறுபவர்கள், பறவைகளைப் பார்க்க வருபவர்கள், குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோர் என விடுமுறை நாள்களில் பெருங்கூட்டம் சேரும். நெருக்கடி மிகுந்த நகர வாழ்க்கையில் மனம் சற்றே ஆறுவதற்கு இப்படியோர் இடம் இருப்பது பெரும் பேறு. அதைக் குறைகூறுவது நம் நோக்கம் அன்று.

நாம் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய ஒரு செயலை. கான்ஹேரி குகைகளை நோக்கி ஏறும் சாலையோரத்தில் குரங்குகள் அமர்ந்திருக்கும். வருவோரில் பலர் நின்று அவற்றுக்கு வேர்க்கடலையோ வாழைப்பழமோ பிஸ்கட்டோ தருவார்கள். உணவளிக்கக் கூடாது என்ற வனத்துறையின் அறிவுரையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர், தீயவர்களும் அல்லர். சனிக்கிழமைதோறும் அனுமனை நினைத்து ஒரு சீப்புப் பழத்துடன் செல்லும் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சுவாமிஜி, பூதயஜ்ஞம் என்று சாஸ்திரமே விதித்திருக்கிறதே! பசித்த வாயில் பழத்தை இடுவதை ஓர் அறிவிப்புப் பலகை தடுக்கலாமா?” கேள்வியில் கோபம் இருந்தது, பக்தியும் இருந்தது. எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல அது.

பூதயஜ்ஞம் இல்லறத்தானின் ஐந்து பெருவேள்விகளுள் ஒன்று. நம் முற்றத்தை அண்டி வாழும் காக்கை, நாய், எறும்பு போன்றவற்றுக்கு, நாம் உண்பதற்கு முன் ஒரு பங்கு வைப்பது. நாம் குடியேறிய இடத்தில் தம் பிழைப்பை நம்மோடு பிணைத்துக்கொண்ட உயிர்களுக்கு நாம் செலுத்தும் கடன் அது. வனத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே இல்லத்தார் அவை, விருந்தினர் நாம். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கையில், இடமும் காலமும் பெறுபவரின் தகுதியும் கருதியே சாத்விக தானத்தை வரையறுக்கிறது. கொடுப்பவரின் நெஞ்சம் நெகிழ்ந்தால் போதும் என்று அங்கே சொல்லப்படவில்லை. பாராயணத்தின் வேகத்தில் இதை நாம் கடந்துவிடுகிறோம்.

காட்டில் குரங்கு நாள் முழுதும் அலைந்து இரை தேடும். காய், கனி, தளிர், பூச்சி எனப் பலவும் உண்ணும். கனிகளைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு வேறிடம் சென்று தின்று கொட்டையை உமிழும். அவற்றுள் சில மரமாகும். அலைவது அதற்குத் துன்பம் அன்று, தொழில். சாலையோரம் அமர்ந்தாலே உணவு வரும் என்று கற்றுக்கொண்ட நாளில் அத்தொழில் நின்றுபோகிறது. கூட்டத்திற்குள் சண்டை மிகும். குட்டிகள் வாகனங்களில் அடிபடும். கொடுத்தபோது வாங்கிய கை, கொடுக்காதபோது பறிக்கும். ஒரு நாள் ஒரு குழந்தை கடிபடும். பிறகு புகார், பிறகு கூண்டு.

இது கற்பனை அன்று. 2007-இல் தில்லியின் துணை மேயர் தம் வீட்டு மாடத்தில் குரங்குகளை விரட்ட முயன்றபோது கீழே விழுந்து உயிரிழந்தார். அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, தலைநகரின் குரங்குகளைப் பிடித்து, ஆரவல்லிக் குன்றுகளில் பழைய சுரங்கக் குழிகள் நிறைந்த அசோலா பாட்டி சரணாலயத்தில் விடலாயினர். அங்கும் அவற்றுக்கு உணவு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. சிம்லாவில் ஜாக்கு குன்றின் உச்சியில் அனுமனுக்குப் புகழ்பெற்ற கோயில் உண்டு. அதே சிம்லா நகர எல்லைக்குள் 2016-இல் மத்திய அரசு, குரங்குகளைக் கொல்லத்தக்க தீங்குயிர்கள் என்று ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு அறிவித்தது. காடு சுருங்கியது, குப்பை பெருகியது எனக் காரணங்கள் பல. அன்போடு ஊட்டிய கைகளும் அவற்றுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது. பழம் கொடுத்தவர் வீடு திரும்பிவிட்டார். விலையைக் குரங்கு கொடுத்தது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. துறவிகளாகிய எங்களை அது நேரே தொடுகிறது. சந்நியாசம் ஏற்பவர், தம்மிடமிருந்து எவ்வுயிர்க்கும் அச்சம் நேராது என்று எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிக்கிறார். அபயம் என்ற சொல்லை மொழிபெயர்ப்பது எளிதன்று. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வீகப் பண்புகளுள் முதலாவதாக நிற்கும் அபயம், ஒருவரது சொந்த அஞ்சாமை. சந்நியாசியின் அபயமோ பிறருக்குத் தரப்படுவது. அடைக்கலம் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நெருங்கியது. நூலில் ஓர் அடிக்குறிப்பு இட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். காட்டில் அதற்கு வழியில்லை. எவ்வுயிரும் என்னைக் கண்டு அஞ்சலாகாது என்பதே விரதமானால், என் கையிலிருந்து அச்சமின்றிக் கடலை வாங்கும் குரங்கு அவ்விரதத்தின் வெற்றி அல்லவா? ஆனால் அதே அஞ்சாமைதானே அதைச் சக்கரத்தின் அடியில் கொண்டு சேர்க்கிறது?

இப்பூங்காவின் சிறுத்தைகள் இங்கே நமக்கு உதவுகின்றன. 2004-ஆம் ஆண்டில் பூங்காவின் உள்ளும் ஓரங்களிலும் சிறுத்தைகள் தாக்கிப் பலர் மாண்டனர். ஊருக்குள் காணப்படும் சிறுத்தையைப் பிடித்து வேறொரு காட்டில் விட்டுவிடுவது அந்நாளைய வழக்கம். மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் வித்யா ஆத்ரேயா முதலிய ஆய்வாளர்கள் செய்த ஆய்வு, இவ்வாறு இடம் மாற்றிய பிறகு தாக்குதல்கள் குறையாமல் கூடியதைக் காட்டியது. 2011 முதல் வனத்துறையும் நகர மக்கள் சிலரும் இணைந்து வேறு வழியை நாடினர். குப்பை நாய்களை ஈர்க்கிறது, நாய்கள் சிறுத்தையை ஈர்க்கின்றன. ஆகவே குப்பையை அகற்றுதல், இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே விடாதிருத்தல், சிறுத்தையைக் கண்டால் கூட்டமாகச் சூழாதிருத்தல் ஆகியவற்றை வலியுறுத்தினர். இரவில் நகர விளிம்பில் நடமாடும் சிறுத்தை பெரும்பாலும் மனிதனைத் தவிர்த்தே செல்கிறது. அதன் அச்சம் அதற்கும் வேலி, நமக்கும் வேலி. அங்கே வாழும் வார்லி மக்கள் வாகோபா என்னும் புலித்தெய்வத்தை வழிபடுகிறார்கள். வழிபடுவதற்காக அருகில் சென்று தடவிக்கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே அச்சம் வேறு, ஆபத்து வேறு. அபயம் தருவது என்பது ஓர் உயிரின் இயல்பான அச்சத்தைக் களைவது அன்று. நான் என்னும் ஆபத்தை அதன் வழியிலிருந்து விலக்கிக்கொள்வது. மான் என்னைக் கண்டு ஓடினால் ஓடட்டும். ஓடவேண்டிய காரணம் என்னிடம் இல்லாதிருப்பதே என் விரதம். உணவிடுபவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்: அச்சத்தை நீக்கிவிட்டு, ஆபத்தை அப்படியே விட்டுச் செல்கிறார்.

அஹிம்சையில் நிலைபெற்றவர் முன்னிலையில் பகைமை அகலும் என்று பதஞ்சலி கூறுகிறாரே, அருணாசலத்தில் ஸ்ரீ ரமண மகரிஷி குரங்குகளுக்கு உணவளித்து உறவாடினாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மகரிஷி அவற்றுக்கு விருந்தினர் அல்லர். அம்மலையில் பல்லாண்டுகள் அவற்றோடு வாழ்ந்தவர். அவற்றின் கூட்டங்களையும் வழக்குகளையும் அறிந்தவர். மறுநாளும் அங்கேயே இருந்தவர். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வருபவர் அவரைச் சான்றுக்கு அழைப்பது பொருந்தாது. அந்த அன்பரிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன்: “குரங்கு உங்களைப் பார்க்காது, அது உண்பதை நீங்களும் பார்க்க முடியாது என்றால், அப்போதும் இத்தனை தூரம் பழத்தைச் சுமந்து செல்வீர்களா?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. நம்மை ஒரு காட்டுயிர் நம்புகிறது என்ற இன்பத்திற்கு நாம் எவ்வளவு பசித்திருக்கிறோம்! பல சமயம் அந்தப் பசிக்குத்தான் பழம் செலவாகிறது.

அச்சாலை முடியும் இடத்தில் கான்ஹேரி இருக்கிறது. கரிய மலை என்று பொருள்படும் கிருஷ்ணகிரி என்ற பெயரே அவ்வாறு மருவியது. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளில், கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் வாழ்ந்தார்கள். கல்யாண், சோபாரா முதலிய ஊர்களின் வணிகர்கள் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன: ஓர் அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, முதல் குறையாமல் அதன் வருவாயில் மட்டும் ஆண்டுதோறும் ஆடை வழங்க ஒரு நிரந்தர வைப்பு. பெறுபவர் யார், எதுவரை பெறுவார் என்றெல்லாம் எண்ணிப் பார்த்த கொடைகள் இவை. மழைநீரைப் பாறைமீது வெட்டிய கால்கள் ஏந்திவந்து குகைகளின் அருகிலுள்ள தொட்டிகளில் சேர்க்கின்றன. பருவமழைக்குப் பின் சென்றால் இன்றும் அவற்றில் நீர் நிற்பதைக் காணலாம்.