கலப்பினமும் அமானிதமும்

கால்நடைகளை அல்லாஹ் நமக்கு வசப்படுத்தித் தந்தான். அவற்றின் பாலையும் இறைச்சியையும் ஆகுமாக்கினான். அவற்றின் பெயராலேயே அருள்மறையில் 'அல்அன்ஆம்' என்னும் அத்தியாயம் அமைந்துள்ளது. வசப்படுத்தித் தரப்பட்டவை நம் உடைமையா, அமானிதமா? இறைச்சிக்காக மாட்டினங்களைக் கலந்து புதிய இனங்களை ஆக்கும் இக்காலத்தில் இவ்வினாவை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கலப்பே கூடாது என்பார் சிலர். கழுதையைப் பெண் குதிரையோடு இணைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்னும் அறிவிப்பை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆயினும் அண்ணலார் துல்துல் என்னும் கோவேறு கழுதையில் ஏறிச் சென்றிருக்கிறார்கள். 'அந்நஹ்ல்' அத்தியாயமும் கோவேறு கழுதையை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. முரண்போல் தோன்றும் இதற்கு இமாம் தஹாவீ (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் விளக்கம் நுட்பமானது. அன்று பனூ ஹாஷிம் குலத்தாரிடம் குதிரைகள் குறைவு. அவை பெருக வேண்டும் என்பதே அண்ணலாரின் விருப்பம். எனவே குற்றம் கலப்பில் இல்லை. ஓர் இனத்தின் வளம் குறுகிப்போவதில் இருக்கிறது எனக் கொள்ளலாம்.

இவ்வளவுகோலோடு ஒரு கலப்பினத்தை நோக்குவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிங் ரேஞ்ச் என்னும் பெரும் பண்ணையினர் ஷார்ட்ஹார்ன் மாடுகளையும் பிராமன் மாடுகளையும் கலந்தனர். முன்னது இங்கிலாந்தின் இறைச்சி மாடு; பின்னது ஓங்கோல், கிர் முதலிய நம் நாட்டுத் திமில் மாடுகளின் வழிவந்தது. முன்னதன் தசைவளமும் பின்னதன் வெயில் தாங்கும் வன்மையும் 1920-ல் பிறந்த 'மங்கி' என்னும் காளையிடம் ஒருங்கே அமைந்தன. அதன் வழியில் உருவான சாண்டா கெர்ட்ரூடிஸ் 1940-ல் தனி இனமாக ஏற்கப்பட்டது. அவ்வினம் முழுவதற்கும் அந்த ஒரு காளையே மூதாதை.

கலப்பின் முதல் தலைமுறைக்குத் தனி வீரியம் உண்டு. தாய்வழிக் குறையைத் தந்தைவழி நலம் மூடிவிடுகிறது. கலப்புகளையே தமக்குள் இணைத்தால் அவ்வீரியத்தில் ஒரு பகுதி குன்றும். நெருங்கிய உறவுக்குள் இணைத்தாலோ, ஒளிந்திருந்த குறை இருவழியாலும் வந்து கன்றில் வெளிப்படும். இருப்பினும் விரும்பிய குணம் நிலைக்கவேண்டுமென்று வளர்ப்போர் இதனை வேண்டுமென்றே செய்தனர். 1810-ல் 1,000 கினிக்கு விற்பனையான 'காமெட்' என்னும் ஷார்ட்ஹார்ன் காளையின் தந்தையே அதன் தாய்க்கும் தந்தை; அத்தாயோ அவனுக்கும் அவனுடைய தாய்க்கும் பிறந்தவள்!

இத்தகைய நெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஹியர்ஃபோர்டு என்னும் தூய இனத்தின் வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் 1940-களில் குறுகித் திரண்ட உடலையே அழகென்று பரிசளித்தனர். அவ்வுடலுக்காகத் தேர்ந்த காளைகள் பல, குள்ளத்தன்மையை மறைவாகச் சுமந்திருந்தன. மூச்சுத் திணறி வளராது மடியும் குள்ளக் கன்றுகள் பிறந்தன. வம்சத்தின் மதிப்புக் கெடுமென்று அஞ்சி, அப்பிறப்புகளை மறைத்த வளர்ப்போரும் இருந்தனர். சில மூதாதையரோடு கதவை அடைத்துக்கொள்ளும் கலப்பினத்துக்கும் இதே ஆபத்து நேரலாம்.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதை நாம் அறிவோம். ஒரு கூடைப் பழத்துக்கு உள்ள இவ்விதி, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குறைக்கு இல்லாமற்போகுமா? குர்பானிக்கு ஊனமற்ற பிராணியைத் தேடி நாம் சந்தைகளில் அலைகிறோம். ஊனத்தைப் பிறப்பிலேயே விதைக்கும் தேர்வைப் பற்றி மட்டும் கேளாதிருப்பது நீதியன்று.

அறிவியலை நாம் பழிக்கவில்லை. ஒளிந்திருக்கும் குறைகள் பலவற்றை இன்று மரபணுச் சோதனை கன்று பிறக்குமுன்னரே காட்டிவிடுகிறது. அறிய வழி பிறந்தபின் அறியாமை சாக்காகாது. பல மூதாதையரைக் காத்தல், உறவின் நெருக்கத்தைக் கணக்கிட்டு இணைத்தல், கண்ட குறையை ஒளியாது உரைத்தல் ஆகிய மூன்றுமே அமானிதம் பேணுவதாகும். எடைக்காகவும் அழகுக்காகவும் வாயில்லா ஜீவனின் மூச்சை விலைபேசுவது, தந்தவனிடம் கணக்குக் காட்ட முடியாத வாணிபமாகும். அக்கணக்கை எளிதாக்கிக்கொள்ளும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.