பாதி மூன்று

பக்கத்து வீட்டு மூதாட்டி என்னைக் காப்பிக்கு அழைத்த நேரம் "ஹௌல்வ் த்ரியூ". ரெய்க்யவிக்கில் எனக்கு அது முதல் குளிர்காலம். ஹௌல்வ் என்றால் பாதி, த்ரியூ என்றால் மூன்று. மூன்றரை என்று எடுத்துக்கொண்டு மூன்றரைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தோசைபோல மெல்லிசாக வார்த்து, சர்க்கரை தூவிச் சுருட்டிய அப்பங்கள் மேசைமேல் ஆறிக் கிடந்தன. ஒரு மணி நேரமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஐஸ்லாந்து மொழியில் பாதி மூன்று என்றால் இரண்டரை.

அவர் கோபிக்கவில்லை. காப்பியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசையில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். இரண்டு அடித்ததுமே மூன்றாவது மணி தொடங்கிவிடுகிறது. அதில் பாதி வந்தாயிற்று. விஷயம் அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தையும் அவர்கள் "இரண்டாவதில் பாதி" என்று சொல்வதுண்டு.

அந்த வட்டம் பல நாள் என்னை விடவில்லை. நாம் முடிந்துபோன இரண்டின்மேல் நின்று அரையைக் கூட்டுகிறோம். அவர்கள் இன்னும் அடிக்காத மூன்றின் பெயரால் இப்போதைக் குறிக்கிறார்கள். ஊரைவிட்டு வந்து எத்தனை மாதம் என்றே எண்ணிக்கொண்டிருந்தவன் நான். என் கணக்கில் எல்லாமே கிளம்பிய நாளிலிருந்துதான் ஓடியது.

வகுப்பில் முதலில் படித்த கேள்வியே நேரம் கேட்பதுதான்: "க்வாத் எர் க்ளுக்கன்?" தேவாலயத்தில் தொங்குகிற மணிக்கும் க்ளுக்கா என்றுதான் பெயர், சுவர்க் கடிகாரத்துக்கும் அதே பெயர்தான். சொல்லுக்குச் சொல் நம்முடைய "மணி என்ன?" அன்று அந்தக் கேள்வியை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பனி பெய்துகொண்டிருந்தது, எனக்குக் கோயில் மணி கேட்டது.

எண்கள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. ஒன்று முதல் நான்கு வரை பால் பார்த்து உருமாறும். நாள் ஆண்பால், நிமிஷம் பெண்பால், கடிகாரத்தில் சொல்கிற மணி அஃறிணை போல. ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நாம் மனிதருக்குப் பார்க்கும் வேற்றுமையை அவர்கள் நிமிஷத்துக்கும் பார்க்கிறார்கள்.

கிழமைப் பெயர்களில் ஒரு பழைய கண்டிப்பு இருக்கிறது. ஓதின், தோர் கதைகளை 13ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் எழுதிக் காத்த நாடு இது. ஆனால் ஆங்கிலக் கிழமைகளில் இருக்கும் அந்தத் தெய்வங்களின் பெயர்கள் இங்கே கிழமைகளில் இல்லை. 1106இல் ஹோலாரின் முதல் பிஷப்பாகப் பொறுப்பேற்ற யோன் ஓக்முந்தர்சொன் அவற்றை நீக்கினார் என்பார்கள். புதன் இப்போது "வார நடு நாள்", வியாழன் "ஐந்தாம் நாள்". சனிக்கிழமை "குளியல் நாள்"; எண்ணெய் தேய்த்துக்கொண்டு வளர்ந்தவனுக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கடிகாரம் வருவதற்கு முன் இங்கே மலைகள்தான் மணி காட்டின. பகலிரவை எட்டாகப் பகுத்தார்கள், நம் சாமம் போல, மூன்று மூன்று மணி நேரமாக. பண்ணை வீட்டு வாசலில் நின்றால் உச்சிவேளையில் சூரியன் எந்த முகட்டுக்கு மேல் நிற்கிறதோ, அதுவே உச்சிவேளை மலை. அப்படிப் பெயர் பெற்ற முகடுகள் நாடெங்கும் உண்டு. அடுத்த பண்ணைக்குப் போனால் அந்த மலை அந்த நேரத்தைக் காட்டாது. இன்று நாடு முழுக்க ஒரே நேரம். 1968 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் கணக்கு. அதனால் ரெய்க்யவிக்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் ஒன்றரை ஆகியிருக்கும். அந்த மலைகள் சொன்ன நேரமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

"ஒரு வாரத்துக்கு முன்" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஃபிரிர். முன், எதிரே என்ற பொருளும் அதற்கு உண்டு. "ஒரு வாரம் கழித்து" என்பதற்கு எஃப்திர், பின். நம் முன்னும் பின்னும் அப்படியே. போன நாட்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. வரப்போகிறவை முதுகுப் பக்கமாக, பார்க்க முடியாமல் வருகின்றன. மூதாட்டியின் வட்டம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இரண்டரை மணிக்கு, பின்னாலிருந்து வரும் மூன்று ஏற்கெனவே முதுகைத் தொட்டுவிட்டிருக்கிறது. போனதையே பார்த்து நிற்கிறவனையும் அது விடுவதில்லை.

டிசம்பரில் இங்கே மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஊரில் அப்போது இரவு ஒன்பது. இரண்டு பக்கமும் இருட்டியிருக்கும் அந்த நேரத்தில்தான் அம்மாவைக் கூப்பிடுவேன். "அங்க மணி என்ன?" என்றுதான் தொடங்குவார். கால்வலி, மாத்திரை என்று போய், "எனக்கு எண்பது நடக்குதுப்பா" என்பதில் வந்து நிற்கும். முன்பெல்லாம் உடனே குறுக்கிடுவேன்: "இன்னும் ஆகலைம்மா, எழுபத்தொன்பதுதான்." அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

போன வாரமும் சொன்னார்.

"ஆமாம்மா," என்றேன், "நடக்குது."