செட்டிக்குளத்து மேடை

செஞ்சிக் கோட்டைக்குள் பார்த்த ஒரு சின்ன விஷயம் என்னை விட மாட்டேன் என்கிறது. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பள்ளிக்கூடப் பையனாக ஒரு பேரன். கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் இருவரும் செருப்புக் காலோடுதான் சுற்றி வந்தார்கள். செட்டிக்குளத்துக் கரையில் இருக்கும் மேடைக்கு வந்ததும் அந்த அம்மா செருப்பைக் கழற்றினார். "நீயும் கழட்டுடா. ராஜா எரிஞ்ச எடம் இது." பையன் கழற்றிவிட்டு, சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றான். அவர் அசையாமல் நின்றார். பிறகு போய்விட்டார்கள்.

அந்த மேடையில் சாமி கிடையாது. விளக்கேற்றிய கரி கிடையாது. தேசிங்கு ராஜனை எரித்ததும், அவன் ராணி தீயில் இறங்கியதும் அங்கேதான் என்று ஊர் சொல்கிறது.

தேசிங்கு இந்த மண்ணில் பிறந்தவன் அல்ல. புந்தேல்கண்டத்து ராஜபுத்திரன், தேஜ் சிங். தகப்பன் சொரூப் சிங் ஔரங்கசீப்பின் ஆணையால் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவனானவன். அவன் இறந்ததும், 1714இல் மகன் வந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார், இவன் மறுத்தான். அதே ஆண்டு அக்டோபரில் போர்க்களத்தில் முடிந்தது. வயது இருபத்திரண்டு இருக்கும் என்கிறார்கள். செஞ்சியை அவன் ஆண்டது ஓராண்டுகூட நிறையவில்லை.

இந்தக் கோட்டையைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டவர்கள் நாயக்கர்கள். 1590களின் இறுதியில் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா வியந்து எழுதியது கிருஷ்ணப்ப நாயக்கரின் செஞ்சியைப் பற்றி. அவர்கள் காலத்துக் கோயில் தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை என்பதால் 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் செஞ்சி ஏறிவிட்டது. வென்ற நவாப் 1717-18இல் கட்டிய மசூதி இதே கோட்டைக்குள் இருக்கிறது. இவர்களில் யாருக்காகவும் அந்த அம்மா செருப்பைக் கழற்றவில்லை. தோற்றவனுக்கு, அதுவும் எங்கிருந்தோ வந்த ஒரு பையனுக்குத்தான் கழற்றினார்.

நான் அவனை முதலில் சந்தித்தது டூரிங் டாக்கீஸில். 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' பல வருடம் கழித்தும் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். மணலைக் குவித்து உட்கார்ந்து எம்.ஜி.ஆரைத்தான் பார்த்தோம். ஆனாலும் படம் விட்டு வெளியே வந்தால் நிலா வெளிச்சத்தில் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். திரையில் பார்த்ததற்கு ஒரு மலையே சாட்சி சொன்ன மாதிரி இருக்கும். வேறு எந்தப் படத்துக்கும் அந்தச் சாட்சி கிடைத்ததில்லை.

படத்துக்கு முன்பே ஆயாவிடம் கதை இருந்தது. பெரிய எழுத்துப் புத்தகத்தை யாரோ ராகம் போட்டுப் படிக்கக் கேட்டு மனசில் வைத்துக்கொண்ட கதை. கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்த முகமது கானை ஆயா சொல்லும்போது நான் அழுதிருக்கிறேன். ஓர் இந்து ராஜா, ஒரு முஸ்லிம் நண்பன் என்றெல்லாம் அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சிநேகிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் பதிந்துவிட்டது. இன்றுவரை ஒரு நண்பரை அளக்க நேர்ந்தால் அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது. என் அப்பா சொன்ன புத்திமதிகளில் ஒன்றுகூட இவ்வளவு ஆழத்தில் இல்லை.

கதையிலிருந்து மனிதர்களை அறிவது எங்கள் சீமையில் புதிதல்ல. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் எழுதியதை எப்போதோ புரட்டியிருக்கிறேன். 1988இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கும். படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனால் திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கும் படுகளம் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. தரையில் மண்ணால் துரியோதனனைக் கிடத்துவார்கள். இரவெல்லாம் கூத்தில் அவனைத் திட்டிய ஊர், விடிந்ததும் அவனைச் சுற்றி ஒப்பாரி வைக்கும். வேஷம் கட்டியவர் மட்டுமல்ல, பார்க்க வந்த பெண்களும் அழுவார்கள். தன் வீட்டில் செத்தவர்களை நினைத்துத்தான் அழுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் ஒருமுறை சொன்னார். எனக்கு அது முழுதும் சரியாகப் படவில்லை. எதிரியையும் செத்த ஒரு மனிதனாகப் பார்க்க அந்த இடத்தில்தான் அவர்களுக்கு வழி கிடைக்கிறது என்று நினைக்கிறேன். வாழ்க்கையில் அந்த வழி லேசில் திறப்பதில்லை.

இப்படி யோசித்துக்கொண்டே போனால், ஆவணம் ஆளைச் சொல்கிறது, கதைதான் மனிதனைத் தருகிறது என்று முடித்துவிடலாம் போலிருந்தது. முடிக்க விடாமல் தடுத்தது அதே செருப்புதான். அந்த அம்மா ராஜா என்றுதான் சொன்னார். அந்த மேடையில் எரிந்தது ராஜா மட்டுமல்லவே?

ஆயாவின் கதையில் ராணிக்கு முகம் இல்லை. போருக்குப் புறப்படுகிறவனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து வெற்றிலை மடித்து நீட்டும் ஒரு கை, அவ்வளவுதான் அவள். அதன் பிறகு தீ. அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று நவாப் ஓர் ஊருக்கே பெயர் வைத்தார் என்பார்கள். ஓர் ஊர் கிடைத்தது, அவளுக்கென்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் பயந்தாளா, யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போனார்களா என்று நான் ஆயாவைக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதபடி கதை வேகமாக ஓடும். தேசிங்கின் குதிரைக்குக்கூட அழுத எனக்கு அவளுக்கு அழத் தோன்றியதில்லை. கதை ஒருவனுக்கு உயிர் கொடுக்கும்போதே பக்கத்தில் இருக்கிறவளை ஒரு கையாகக் குறைத்துவிடுகிறதோ?

அப்படியென்றால் சிநேகத்தைக் கற்றுக்கொண்ட அதே இடத்தில் வேறு எதையெல்லாம் கவனிக்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. அதற்காக ஆயாவின் கதையை விட்டுவிட என்னால் முடியாது. அதை எடுத்துவிட்டால் என்னில் மிச்சம் இருப்பது குறைவு.

மனிதர்களைக் கதைகளில்தான் அறிந்தேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன். அந்தப் பெண்ணை அறிந்தேன் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவளை அறிய இன்னொருவர் இன்னொரு கதை எழுத வேண்டுமா, எந்தக் கதையாலும் ஆகாத காரியமா அது என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.